ஒன்று விட்டு ஒரு வரி எழுதிய கவிஞர்

லோ ஸ்கார்பி கிராமம்,
லிங்கன்ஷயர்.
16 நவம்பர் 1826

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. கிராஞ்ச் அவர்களுக்கு, நிருபர் சாமுவேல் ஹெம்ப்ரி பணிவுடன் எழுதுவது. தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இடது தோளைத் தவிர மற்றவை நலம். தோளுக்கான காரணம் கீழே வருகிறது.

தாங்கள் விசாரிக்கச் சொன்ன யாபேஸ் டிரிங், குளிர்காலம் முழுவதும் பார்லிக் கதிர் அடிக்கும் கூலியாள். பள்ளிக்கூடம் போனதில்லை. மாதா கோயில் கல்லறைகளைப் பார்த்து எழுத்துப் படித்தவர். அதனால் அவர் எதை எழுதினாலும் யாரோ இறந்துபோன மாதிரி இருக்கிறது. அவருடைய கவிதைகளைப் புத்தகமாகப் போட லேடி வெதரல் முன்வந்தார். அதற்குள் யாரோ, “எழுதுவது பாதிரியார், பெயர் மட்டும் இவனுடையது” என்று அவர் காதில் போட்டுவிட்டார்கள். யாபேஸ் குடியிருப்பது, ஊரில் எல்லா வீட்டையும் போல, லேடிக்குச் சொந்தமான வீடு. ஏமாற்று என்று தெரிந்தால் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் கிறிஸ்துமசுக்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று.

திங்கட்கிழமை பரீட்சை. லேடியின் நூலக அறையில் யாபேஸைத் தனியாக உட்காரவைத்து, ‘பனிக்காலக் காலை’ என்று தலைப்புக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது தாளில் இருந்தது இது:

பனி வந்து வயலுக்குப் போர்வை போட்டது
(வெற்றிடம்)
வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பொத்தானாய்க் காக்கை
(வெற்றிடம்)

“மீதி எங்கே?” என்றார் லேடி.

“வரலீங்கம்மா. அந்த எடத்துல மட்டும் எனக்கு எப்பவுமே வராதுங்க.”

“நான் எழுதிக் குடுத்திருந்தா முழுசா இருந்திருக்குமே அம்மா!” என்றார் கூடவே நின்ற பாதிரியார். அவருக்குத் தன் பெயர் பிழைத்ததே போதுமாயிருந்தது. லேடி சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் விளக்கம் வராவிட்டால் வீட்டுச் சாவி வர வேண்டும்.

அந்த வெற்றிடங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை அவர் வேலை செய்யும் தானியக் கொட்டகைக்குப் போனேன். இருவர் எதிரெதிராக நின்று அடிக்கிறார்கள். தடி என்பது தோல்வாரால் பிணைத்த இரண்டு கழிகள். ஒருவர் தடி இறங்கும்போது மற்றவர் தடி ஏற வேண்டும். தவறினால் மண்டை உடையும். இறங்கும் தடிக்காரருக்கு மூச்சு இருக்காது. ஏறுகிறவர்தான் வாய் திறக்க முடியும். யாபேஸ் ஒரு வரி சொன்னார், அடித்தார். பதினோரு வருடமாக அவருக்கு எதிரே நின்று அடிக்கும் ரூபன் கப்பிட் அடுத்த வரி சொன்னார், அடித்தார்.

நான் பரீட்சைத் தாளை எடுத்து முதல் வரியைப் படித்தேன். ரூபன் தடியை நிறுத்தாமலே, “போர்வைக்கு வெளியே ஒரு முயலின் காது” என்றார். மூன்றாவதைப் படித்தேன். “அதை அவிழ்க்கத்தான் பூனை போகிறது” என்றார்.

“இதை ஏனப்பா லேடியிடம் சொல்லவில்லை?” என்று யாபேஸைக் கேட்டேன்.

“எழுதினது யாருன்னு கேட்டாங்க. இவனுக்கு எழுதத் தெரியாது. நான்தானே ஐயா எழுதினேன்?”

ரூபனிடம், “பதினோரு வருடமாகப் பாதி உங்களுடையது. புத்தகத்தில் உங்கள் பெயர் வேண்டாமா?” என்றேன்.

“பேரு போட்டா பார்லி தானா உதிருமா? நடுவுல நிக்காதீங்க ஐயா, அடி விழும்.”

சரிபார்க்காமல் எழுதுவது என் வழக்கமில்லை. எனவே நானும் ரூபனிடம் தடியைக் கேட்டு வாங்கிச் சுழற்றினேன். முதல் சுற்றில் அது முதுகுப்புறம் போய் என் தோளிலேயே இறங்கியது. இரண்டாம் சுற்றிலிருந்து பரவாயில்லை.

அன்று கொட்டகையில் உண்டான புதுக் கவிதையை யாபேஸ் எழுதித் தர, நேற்று லேடியிடம் கொண்டுபோய் நடந்ததை விளக்கினேன். அவர் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

சூரியன் இன்னும் எழுந்திருக்கவில்லை
அதற்குச் சொந்த வீடு, அவசரமில்லை

இரண்டாவது வரியில் விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு, “இந்த வரியைச் சொன்னவனையோ யாபேஸையோ நான் வெளியே அனுப்பமாட்டேன். ரெண்டு பேர் பேரையும் போட்டுப் புத்தகம் வரட்டும்” என்றார்.

ஆகவே கவிதைகள் அந்த இருவருடையவை, மூன்றாவது கை எதுவும் இல்லை என்று நேரில் கண்ட சாட்சியாக உறுதி கூறுகிறேன். சனிக்கிழமை இதழில் அப்படியே போடலாம். தங்களுக்கும் இல்லத்தாருக்கும் அச்சுக்கூடத்தில் எல்லோருக்கும் என் வணக்கங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சா. ஹெம்ப்ரி

பின்குறிப்பு: தயவுசெய்து மேலே எழுதியதைப் போட வேண்டாம். நான் தடியை வாங்கியதும் ரூபன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். யாபேஸ் சூரியனைப் பற்றிச் சொல்லிவிட்டு அடித்தார். என் தடி ஏறிக்கொண்டிருந்தது. வாயும் தானாகத் திறந்துவிட்டது. லேடி யாரை வெளியே அனுப்பமாட்டேன் என்றாரோ அந்த இரண்டாவது வரிக்காரன் சத்திரத்து மாடியறையில் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். முப்பத்தொரு ஆண்டுகளாகச் செய்தியில் என் சொந்தச் சொல் ஒன்றைக்கூடச் சேர்த்ததில்லை. உறுதிமொழிக்கு வேறு ஆளை உடனே அனுப்புங்கள். கை தூக்க முடியாதவராக இருந்தால் நல்லது. இன்று காலை ரூபனிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. “திங்கக்கிழமையும் வாங்க ஐயா,” என்றார், “இன்னும் பாதிப் பார்லி கெடக்கு.”