செயின் இறுக்கிய ஸ்கூட்டி

ஆம்பிளையாய்ப் பிறந்தவன் வாழ்க்கையில் ஒரு தரமாவது பெரிய முடிவொன்று எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். வீட்டில் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றை விற்பது. எதை என்று கேட்கிறீர்களா? என் மோட்டார் சைக்கிளில் கை வைப்பேனா? மனைவியின் ஸ்கூட்டியைத்தான்.

மனைவி கேதீஸ்வரி கணக்கு ரீச்சர். நாலு கேள்வி கேட்காமல் எதற்கும் தலையாட்டாத பிறவி. அதனால் நாலுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டுதான் பேச்சைத் தொடங்கினேன்.

“பெற்றோல் விக்கிற விலைக்கு ரெண்டு வண்டி என்னத்துக்கு கேதீஸ்? ஸ்கூட்டிய வித்துப்போடுவம்.”

“ஓம், வாங்கிற ஆளைப் பாருங்க.”

“உன்னை நானே பள்ளிக்கூடத்தில இறக்கி விடுறன்.”

“சரி.”

அவ்வளவுதான். கேள்வியே இல்லை. சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்றைக்கு அவள் தந்த பிளேன்டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

காத்தான்குடிப் புடவை வியாபாரி சாலிஹ் நானா பழைய வண்டி தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போன் பண்ணினேன்.

“சேர்விஸ் புத்தகம் இரிக்கா தம்பி? அது இல்லாட்டி நான் வரமாட்டன்.”

“வாங்கின நாள்ல இருந்து இருக்கு நானா.”

இருந்தது உண்மை. உள்ளே ஒரு எழுத்தும் இல்லாமல் இருந்தது.

நான் மட்டக்களப்பு பஸ் நிலையத்தடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன். ஊரார் பத்திரமெல்லாம் என் கைபட்டுத்தான் வெளியே போகிறது. எனக்கு ஒரு புத்தகம் நிரப்புவது பெரிய வேலையா? கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் நீல மை. கொஞ்சம் கறுப்பு மை. மெக்கானிக் எழுதியதுபோல் தெரிய இடைக்கிடை இடக்கை. ஒயில் மாற்றியது, பிளக் மாற்றியது, பிரேக் பார்த்தது. பக்கங்கள் பழசாகத் தெரிய அவற்றின்மேல் பிளேன்டீ தெளித்து வெயிலில் காயவைத்தேன். அந்த ஸ்கூட்டியை இவ்வளவு அக்கறையோடு ஒருவரும் கவனித்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் கேதீஸ்வரியின் கண் என் கையில் விழுந்தது.

“விரல்ல என்ன மை?”

“வோட்டுப் போட்டனான்.”

“எந்த எலெக்சன்?”

“கடைக்காரர் சங்கம்.”

“ஆர் வெண்டது?”

“இன்னும் எண்ணி முடியல்ல.”

“முடிஞ்சதும் சொல்லுங்க” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சாலிஹ் நானா வந்தார். ஸ்கூட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். முகர்ந்தார்.

“தேத்தண்ணி மணக்குதே தம்பி?”

“மெக்கானிக் குடிச்சுக்கொண்டுதான் எழுதுவார்.”

“மாசா மாசம் பாத்திரிக்கி. வண்டிக்குப் பெரிய வருத்தமோ?”

“இல்ல நானா, வருத்தம் வராமப் பாத்தது.”

“மாசா மாசம் ஆசுபத்திரிக்குப் போறவனைச் சுகதேகி எண்டு சொல்லுவீங்களா?”

அவர் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார்.

“‘செயின் இறுக்கியது.’ ஸ்கூட்டிக்கு ஏது தம்பி செயின்?”

செயின் இருப்பது என் மோட்டார் சைக்கிளில். எழுதிய வேகத்தில் அதுவும் ஸ்கூட்டிக்குள் போய்விட்டது. அந்த நேரம் தேத்தண்ணித் தட்டோடு கேதீஸ்வரி வந்தாள்.

“இந்த வீட்டில செயின் எண்டா என்ட கழுத்துச் செயின்தான் நானா. அதுவும் இப்ப பேங்க்ல கிடக்கு. இவர் எதை இறுக்கினாரோ தெரியாது.”

சாலிஹ் நானா எழும்பிவிட்டார். “நான் வாறன் தங்கச்சி.”

“இருங்க நானா. துணி மூட்டை கட்டிக்கொண்டு வாழைச்சேனை வரைக்கும் போற உங்களுக்கு ஸ்கூட்டி சரிவராது. அங்கால நிக்கிற பைக்கைப் பாருங்க.”

“கேதீஸ்! அது என்ட...”

அதற்குள் அவள் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்துவிட்டாள். நான் கண்ணால் காணாத கொப்பி. கராஜ் பில்லெல்லாம் தேதிவாரியாக ஒட்டி, பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்து. சாலிஹ் நானா உரக்க வாசித்தார்.

“‘கல்குடாக் கடலுக்குள்ள இறக்கினவர். உப்புப் பிடிச்சு பிரேக் இறுகினது. கழற்றிக் கழுவினது.’”

அன்றைக்கு நான் கடைக்குப் பேப்பர் எடுக்கக் கொழும்புக்குப் போனதாகத்தானே சொல்லியிருந்தேன்!

“‘மூண்டு பேரை ஏத்திக்கொண்டு போய் மதகில இடிச்சவர். மட்கார்ட் மாத்தினது.’”

மாடு இடித்ததாக நான் சொன்ன சம்பவம் அது. அவள் அப்போது அந்த மாட்டுக்காக உச்சுக்கூடக் கொட்டியவள்.

“மெக்கானிக்கிட்டக் கேட்டுத்தான் எழுதினன் நானா” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“இதுதான் புத்தகம்! கெட்டதையும் எழுதியிரிக்கி. அப்ப நல்லதை நம்பலாம்.” மோட்டார் சைக்கிளை முடுக்கிப் பார்த்தார். அந்தத் துரோகி முதல் உதையிலேயே பாடியது.

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “நான் கையெழுத்து வைக்கமாட்டன்!”

“உங்கட கையெழுத்து ஆருக்கு வேணும்?” என்றாள் கேதீஸ்வரி.

உண்மைதான். மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு லீசிங்கில் எடுத்தபோது சம்பளச் சீட்டு இருந்தது அவளிடம். வண்டியும் அவள் பெயரில்தான் பதிந்திருந்தது. ஆத்திரத்தில் மறந்துபோனேன்.

பைக் சாலிஹ் நானாவோடு போய்விட்டது. திங்கட்கிழமை அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

“நான் ஓட்டட்டா?”

“செயின் இல்லாத வண்டி உங்களுக்குப் பழக்கமில்ல. பின்னால ஏறுங்க.”

பிள்ளைகளின் சோதனைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். கல்லடிப் பாலத்தில் என் போன் அடித்தது. சாலிஹ் நானா! வண்டி நின்றுவிட்டது போலும். திருப்பித் தரப்போகிறார். எனக்கு உயிர் வந்தது.

“சொல்லுங்க நானா! பைக் கரைச்சல் குடுக்குதா?”

“சேச்சே, குதிரை மாதிரி ஓடுது. அடுத்த ஒயில் எப்ப மாத்தணும் எண்டு கேக்கணும். வண்டியைப் பத்தித் தெரிஞ்ச ஆள்... தங்கச்சிட்டப் போனைக் குடுங்க தம்பி.”