எந்த அஞ்சு?

"அஞ்சு மணின்னா எந்த அஞ்சு மணி?" என்று நக்லே போனில் கத்திக்கொண்டிருந்தான்.

பெய்ரூட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு பேச்சே கிடையாது. மார்ச் கடைசியில் வழக்கமாகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவோம். இந்தத் தடவை நோன்பு மாதம் முடியட்டும் என்று அரசாங்கம் கடைசி நிமிஷத்தில் தேதியை மாற்றியது. அதெல்லாம் முடியாது என்று சர்ச்சுகள் முள்ளைத் தள்ளிவிட்டன. ஆக, ஒரே ஊரில் இரண்டு மணி.

"எங்கப்பாவுக்கு ஹால் கடிகாரம் காட்டுறதுதான் மணி. அஞ்சுக்கு வந்துடு, அவ்வளவுதான்," என்றாள் ரிந்தலா. அதோடு நக்லேவின் போன் செத்தது. வீட்டில் கரண்ட்டும் இல்லை.

இன்று நக்லே ரிந்தலாவைப் பெண் கேட்கப் போகிறான். அவள் அப்பா வதீ, மலைக்கு அந்தப் பக்கம் ஸஹ்லே ஊரில் இருக்கும் பழைய ஸ்டேஷன் மாஸ்டர். நாட்டில் ரயில் நின்று எத்தனையோ வருஷமாகியும் மனிதர் மட்டும் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து கழற்றி வந்த கடிகாரத்தைத் தவிர யாரையும் நம்ப மாட்டார். தாமதமாக வந்தார்கள் என்று ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகளைக் காப்பிகூடக் கொடுக்காமல் வாசலோடு அனுப்பியிருக்கிறார். காப்பி வந்தால்தான் சம்மதம்.

'எதற்கு வம்பு, சர்ச் நேரத்துக்கே போய்விடுவோம்' என்று கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்துவிட்டுக் குளிக்கப் போனான் நக்லே.

வேன் ஸ்டாண்டில் அவன் கைக்கடிகாரம் மூன்று காட்டியது. ஒன்றரை மணி நேரப் பயணம்.

"சர்ச் நேரம் இப்ப நாலாச்சே தம்பி," என்றார் டிரைவர் பிலால்.

நக்லே, கூட வந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் வாட்ச் ஒரு மணி நேரம் வேகமா ஓடிச்சுடா. நான்தான் சரிபண்ணி வச்சேன்," என்றாள் ஒதெத்.

"அம்மா! என் கல்யாணத்தையே திருப்பி வச்சுட்டியே!"

"கத்தாதே. அரசாங்க நேரம் இன்னும் மூணுதானே? அது போதும்."

"ஆள் நிரம்பினாத்தான் வண்டி கிளம்பும்மா," என்றார் பிலால்.

நிரம்ப ஒரு மணி நேரமானது. பாதி மலையில் நக்லேவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, குறுக்கு வழியில விடுங்க!"

குறுக்கு வழியில் உருளைக்கிழங்கு லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்த இடமில்லை.

ஸஹ்லேயில் இறங்கியபோது அரசாங்கப்படி ஐந்தே முக்கால், சர்ச்படி ஆறே முக்கால். எப்படிப் பார்த்தாலும் லேட். நக்லே அழாத குறையாக வாசல் மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்த வதீ முகத்தைக்கூடப் பார்க்காமல் ஹாலுக்குத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்ததை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"சரியா அஞ்சு! வாங்க மாப்பிள்ளை! அடேல், காப்பி!"

நக்லேவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரிந்தலாவின் அத்தை அடேல் தட்டை நீட்டியபடி அவன் காதருகே குனிந்தாள்.

"குடிங்க தம்பி. அந்த மூணு பேரும் சரியான நேரத்துக்குத்தான் வந்தாங்க; எங்க ரிந்தலாதான் அப்பல்லாம் முள்ளை முன்னால தள்ளி வச்சிருந்தா, இன்னைக்கு ஜன்னல்ல உங்களைப் பார்த்ததும் பின்னால."