காலி நாற்காலியில் அப்பா

எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் நேரடியாகப் பேசுவதில்லை. சண்டையெல்லாம் கிடையாது, வழக்கம் அப்படி. அவருக்குச் சொல்ல வேண்டியது அம்மா வழியாகப் போகும், பதிலும் அம்மா வழியாகவே வரும். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் இதுதான் ரூட்.

இந்த லட்சணத்தில், ஊரின் மறுகோடியான கழக்கூட்டத்தில், ஆபீஸ் பக்கத்திலேயே தோழியோடு ஃபிளாட் எடுத்துத் தங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. கிழக்கேகோட்டையில் சொந்த வீடு இருக்க, கல்யாணமாகாத பெண் அதே ஊரில் வாடகைக்குப் போவதா? (தெருவே வந்து துக்கம் விசாரிக்கும்.) அம்மாவோ, "இதை மட்டும் நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லிக்கோ" என்று கழன்றுகொண்டாள். ஃபிளாட்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. யாரோ சொன்னார்கள் என்று கவுன்சலிங்குக்குப் போனேன்.

மருந்துக்கடை மாடியில், ப்ளைவுட் தடுப்பு போட்ட ஓர் அறை. நான் பேசும்போது கவுன்சலர் அம்மாள் பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலி நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டார்.

"மோளே, அச்சன் இவிடே இரிக்குன்னு. பறயூ." (அப்பா இங்கே உட்கார்ந்திருக்கிறாராம், நான் சொல்ல வேண்டுமாம்.)

நான் சட்டென்று எழுந்து நின்றேன். அப்பா எதிரில் உட்கார்ந்து பழக்கமில்லை.

"மேடம், இன்னொரு நாற்காலி கிடைக்குமா?"

"எந்தினா?"

"அம்மாவுக்கு. அவ இல்லாம அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

கவுன்சலருக்குக் கோபம் வந்துவிட்டது. மனசைத் திறக்க மறுக்கிறேனாம், அவர் நேரத்தை வீணாக்குகிறேனாம். (நிம்மதி தேடிப் போன இடத்திலும் திட்டு.) "உறக்கெ பறயூ, உறக்கெ" என்று அதட்டினார். அந்த ஆத்திரத்தில் உரக்கவே கத்தினேன்.

"அப்பா, நான் தனியாப் போறேன். தினம் பஸ்ல நசுங்கி வந்து, உங்க பேப்பரோட பின்பக்கத்தைப் பாத்துட்டுப் படுத்துக்கறேன். ஒரு நாளாவது 'வந்துட்டியா'ன்னு கேட்டிருக்கேளா?"

சொல்லிவிட்டு அழுதேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தெரிந்த இருமல். எதிர்வீட்டு மணி மாமா, தன் முறைக்காகக் காத்திருக்கிறார்.

நான் வீடு சேர்வதற்குள் மாமாவின் போனில் சேதி சேர்ந்துவிட்டது. மருந்து வாங்கப் போனபோது காதில் விழுந்ததாகச் சொன்னாராம். (மனுஷர் கீழே கடையில், காது மட்டும் மாடியில்.)

கூடத்தில் அப்பா வழக்கம்போல் பேப்பரோடு இருந்தார். எதிரே, சமையலறையில் கிடக்கும் பழைய நாற்காலி. செத்தேன் என்று நினைத்தேன்.

அப்பா பேப்பரை மடித்தார். என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார். பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டு, "போய் இருந்துக்கோ. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு இங்க வந்துடணும், கேட்டியா."

"சரிப்பா" என்றேன், நானும் நாற்காலியிடம். அம்மா வேலை போனவள் மாதிரி வாசற்படியில் நின்றாள்.

அந்தக் கவுன்சலரிடம் நான் திரும்பப் போகவில்லை. வேலை செய்தது அவர் வைத்தியமா, மணி மாமாவின் வாயா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கல்யாணச் சீரில் அந்த நாற்காலியும் வந்து இறங்கியது. விவரம் தெரியாமல் அதில் உட்காரப் போன என் வீட்டுக்காரர், அப்போது அப்பா சொன்னதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

"மாப்பிள்ளை, வேற எதுலயாவது உக்காருங்கோ. அதுல நான் இருக்கேன்."