நாற்பத்தொன்றாம் பீப்பாய்

சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு நாற்பத்தொன்றாம் பீப்பாயின் குழாய் நழுவி மணிவேலைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது.

"அய்யோ, ஒரு பாட்டில் போச்சே!" கிடங்கு மேலாளர் ஹரீஷ்குமார் ஓடி வந்தார். மணிவேலைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தார். "ஒண்ணு இல்ல, ரெண்டு."

அத்திப்பள்ளியைத் தாண்டி, கர்நாடகப் பக்கத்தில் இருந்தது அந்த விஸ்கி ஆலை. ஐந்து வருடம் ஒரே பீப்பாயில் கிடந்ததைக் கடைசி ஆறு மாதத்துக்கு, மாம்பழ ஒயின் வைத்திருந்த வேறொரு பீப்பாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எதனோடும் கலக்க மாட்டார்கள். எண் போட்டு இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில். பிறகு அது உலகத்தில் கிடையாது.

"அஞ்சு வருசம் எங்க இருந்தா என்ன, கடைசியா இருந்த மரத்தோட வாசம்தான் மேல நிக்கும்" என்பார் ஹரீஷ்குமார். "காலிப் பீப்பாயக்கூட மூடியே வைக்கணும். தொறந்து தொறந்து பாத்தா நாப்பது நாள் தாங்காது, வாசம் போயிடும்."

மணிவேல் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் அவன் மேல் எப்போதும் அந்த வாசனை இருந்தது.

அதனால்தான் மாமனார் கோவிந்தப்பன் ஓசூரில் அவன் வீட்டுக்கு வந்த அன்றே மகளைக் கையோடு தன் ஊரான மத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டார்.

"குடோன்ல வேல பாக்கறேன் மாமா. அந்த வாசந்தான்."

"நான் நாள் பூரா மாட்டுக் கொட்டாயில கெடக்கறேன். எம்மேல சாணி வாசமா வருது?"

வந்தது. மணிவேல் சொல்லவில்லை.

பொற்கொடி ஒரு வார்த்தையும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் அவனை அறுத்தது. அவளும் நம்பிவிட்டாளா? நாற்பத்திரண்டு நாளாகத் தினமும் போன் செய்தான். எதைக் கேட்டாலும் "ம்" என்றாள். அது கோபமா, அப்பா பக்கத்தில் நிற்கிறாரா என்று தெரியவில்லை. இன்னமும் இரவில் இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அடுக்கினான்.

நேற்று மாமனாரே பேசினார். "நாளைக்கு ஏழு மணிக்குள்ள வாங்க. வாசம் இல்லேன்னா அனுப்பறேன். இருந்துச்சுன்னா இனிமே இந்தப் பக்கமே வராதீங்க."

மாற்றுச் சட்டை இல்லை. ஆலை கொடுத்த இரண்டு நீலச் சட்டைகளில், கழற்றிக் கொடியில் போட்டிருந்த ஒன்று, அவள் போன அன்றே காணாமல் போயிருந்தது. மாமனார் தூக்கி எறிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

ஆலைக் குளியலறையில் சோப்பு இல்லை. தரை துடைக்கும் பினாயில் இருந்தது. அதைப் போட்டுத் தேய்த்தான். இப்போது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து குடித்தவன்போல் மணத்தான்.

ஓசூர் பஸ் நிலையத்தில் வெள்ளைச் சட்டை வாங்கி மாற்றினான். வாசனை தலைமுடியில் இருந்தது. கிராம்பும் ஏலக்காயும் வாங்கி வாய் நிறைய மென்றுகொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினான்.

டிக்கெட் கொடுக்கக் குனிந்த கண்டக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "கிராம்பு வேறயா? பழைய கைதான் போல. பின்னாடி போய் உக்காருங்க. வாந்தி வந்தா முன்னாடியே சொல்லிடணும்."

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறங்கினான். அங்கே போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்தவர்களை நிறுத்தி, குடித்திருக்கிறார்களா என்று மெஷினில் ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார். மணிவேலுக்கு யோசனை பளிச்சிட்டது. வரிசையில் போய் நின்றான்.

"வண்டி எங்க?"

"வண்டி இல்லீங்க சார்."

"அப்புறம் எதுக்கு ஊதற?"

"மாமனாருக்குக் காட்டணும் சார்."

போலீஸ்காரர் ஒரு அடி பின்வாங்கி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஊதச் சொன்னார். பூஜ்யம். மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். பூஜ்யம். தானே ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொண்டார்.

"சீட்டு வேணும் சார்."

"வண்டி நம்பர் போடாம மெஷின் சீட்டு குடுக்காதுப்பா."

அவன் வந்த பஸ் இன்னும் எதிரில் நின்றது. மணிவேல் அதன் எண்ணைச் சொன்னான்.

ஆறு ஐம்பதுக்கு மத்தூரில் மாமனார் வீட்டு வாசலில் நின்றான். கோவிந்தப்பன் இரண்டடி தூரத்திலேயே முகத்தைச் சுளித்தார்.

"இதப் பாருங்க மாமா. பூஜ்யம். கவர்மெண்டு சீட்டு." இரண்டு கையாலும் நீட்டினான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "போக்குவரத்துக் காவல். ஓட்டுநர், மணிவேல்." நிமிர்ந்தார். "குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல மாமா, கீழ பாருங்க, பூஜ்யம்."

அவர் வண்டி எண்ணைத்தான் பார்த்தார். "நடுவுல 'என்' போட்டிருக்குது. கவர்மெண்டு பஸ்ஸுல்ல இது? ஜனத்த வெச்சுக்கிட்டா ஓட்டினீங்க?"

"நான் ஓட்டல மாமா. டிக்கெட் எடுத்துட்டு உக்காந்துதான் வந்தேன்."

"போதுங்க. கெளம்புங்க. கடைசி பஸ்ஸாச்சும் வேற ஆளு ஓட்டட்டும்."

கதவோரம் பொற்கொடி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். முந்தானையால் மூக்கை அழுத்தி மூடியிருந்தாள்.

அதைப் பார்த்ததும் மணிவேலுக்குச் சொல்ல வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். வாயில் மிச்சமிருந்த கிராம்பை விழுங்கினான்.

"நீயும் நம்பிட்டியா பொற்கொடி?"

அவள் முந்தானையை எடுக்கவில்லை. கண் நிறைந்திருந்தது; முந்தானைக்குள் ஒரு விம்மல் அடங்கியது.

அவள் அம்மா சென்னம்மாள் தண்ணீர்ச் சொம்போடு உள்ளேயிருந்து வந்தாள். மருமகனைப் பார்த்தாள். காற்றை ஒருமுறை மோந்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, துவைக்கவே கூடாதுன்னு தலைகாணி உறைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு, வாசம் போயிடுச்சுன்னு நேத்து ராத்திரி பூரா அழுதியே, அந்த நீலச் சட்டைய இப்பவாச்சும் துவைக்கப் போடட்டுமா?"