முக்கோணத்துக்கு நாவூறு

உலகில் எந்தப் பொருளையும் அதன் இஷ்டத்துக்கு வளரவிடக் கூடாது என்ற மாபெரும் உண்மை மலையகத்து ராகலையில்தான் நிலைநாட்டப்பட்டது. நிலைநாட்டியவர் எங்கள் பணிப்பாளர் கலாநிதி துரைராசா. நிலையத்தின் நிர்வாக உத்தியோகத்தர் என்ற முறையில் அந்த வரலாற்று நாளில் கதிரைகளை அடுக்கியவன் நான்.

எங்களுடையது 'உலோக நுண்படிக வடிவக் கட்டுப்பாட்டு நிலையம்'. மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில் இயங்குகிறது. இப்போது அங்கே கூட்டங்கள் நடக்கின்றன. வாடுவதற்கு அந்த இடம் இன்றும் மிகவும் பொருத்தமானது.

நுண்படிகம் என்பது கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துணுக்கு. தெரியாத பொருளைக் கட்டுப்படுத்துவதில் நிர்வாகத்துக்குப் பெரிய வசதி உண்டு. கட்டுப்படவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். துணுக்குகள் உருண்டையாக வளர்ந்தால் கரைசல் மஞ்சளாகும். தட்டையான முக்கோணமாக வளர்ந்தால் நீலமாகும். எங்களுக்கு முக்கோணமே வேண்டும் என்று பல கூட்டங்களில் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தோம். தீர்மானம் வெள்ளிக்கு எட்டவில்லை.

எட்ட வைத்தவர் ஆய்வு உதவியாளர் கிருஷாந்தி. வெள்ளிக் கரைசலில் கொழுந்துச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவார். துணுக்கின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருளையும் சேர்ப்பார். அது ஒட்டிய பக்கம் வளர்ச்சி நிற்கும். மிச்சப் பக்கங்கள் வளர்ந்து முக்கோணமாகும். அந்த நேரம் முழுவதும் பணிப்பாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். இதற்கு 'மேற்பார்வை' என்று பெயர்.

"எல்லா வெள்ளியும் ஒரே வெள்ளிதான். வெள்ளிக்கு உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு இல்லை" என்று அவர் பாடசாலைகளில் பேசுவார். அந்த வாசகத்தைச் சட்டம் போட்டு அவர் மேசைக்கு எதிரே மாட்டியிருந்தேன்.

அப்படியிருக்க, ஒரு நாள் தேநீர் வேளையில், எங்கள் கருவிகளைப் பராமரிக்கும் பொறியியலாளரும் பணிப்பாளரின் ஒரே மகனுமான ஆரூரன் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றார்.

"அப்பா, நான் கட்டினா கிருஷாந்தியைத்தான் கட்டுவன்."

என்ன கூர்மை. மேசையில் இருந்த பிஸ்கட்டைக்கூட யாரும் தொடவில்லை.

பணிப்பாளர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"கணேசமூர்த்தி, அந்தப் பிள்ளையின்ர வீடு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் சேர். தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற மேல் லயத்துல கடைசிக் காம்பரா. அப்பா பொன்னையாவும் நம்ம நிலையத்துக்கு வெறகு போட்டவருதாங்க."

"பிள்ளை நல்ல பிள்ளை. அதில கதை இல்லை." சுவரில் தொங்கிய வாசகத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா வெள்ளி வேற, வீடு வேற."

இந்த நுட்பமான வேறுபாடு எந்தப் பாடநூலிலும் இல்லை.

அவர் நியாயமான மனிதர். கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. நிலையம் தொடர்ந்து இயங்குவதும் மூடப்படுவதும் அவர்கள் கையில். கிருஷாந்தியை அழைத்துச் சொன்னார்:

"குழுவுக்கு முன்னால நீலம் வரட்டும் பிள்ளை. அண்டைக்குப் பின்னேரமே உங்கட வீட்டை வந்து அப்பாவோட கலியாணம் கதைக்கிறன்."

"நீலம் வரும் சேர். நீங்க வருவீங்களா?"

"நான் சொன்னாச் சொன்னதுதான்."

பொன்னையா காம்பராவுக்கு வெள்ளை அடித்தார். சம்பந்தம் பேச வருகிறவர்கள் உட்காரக் கோயிலில் நாலு கதிரை இரவல் வாங்கி வாசலில் போட்டார்.

குழு வந்த அன்று காலை கிருஷாந்தி குடுவையை மேசையில் வைத்தார். பேனா மை போல நீலம். பக்கத்தில் நின்ற ஆரூரன், தானே முக்கோணத்தைச் செதுக்கியவர் போலச் சிரித்தார். குழுவின் வான் வந்து நின்ற சத்தம் கேட்டதும் கிருஷாந்தி விருந்தினரை அழைத்து வரக் கீழே போனார்.

அந்த நேரம் பணிப்பாளரின் மனைவி இராசமணி அம்மா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உப்பும் செத்தல் மிளகாயும்.

"இவ்வளவு பேர் பாக்கப் போகினம். கண் படும். ஒருக்கா நாவூறு கழிச்சு விடுறன்."

மூடநம்பிக்கையை எதிர்த்து மூன்று கட்டுரைகள் எழுதிய பணிப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கெதியாச் செய்து முடியும்" என்றார்.

அம்மா உப்பை இறுகப் பொத்திக்கொண்டு குடுவையைச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் படிக்கட்டில் காலடி கேட்டது. அவசரமாகக் கையை இழுத்தார். விரலிடுக்கால் உப்பு குடுவைக்குள் கொட்டியது. மிச்சத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டார். பணிப்பாளர் பார்த்தார். ஆரூரன் பார்த்தார். நானும் பார்த்தேன்.

குழுவின் தலைவி பேராசிரியர் நிரூபா தேநீர் குடித்து முடிப்பதற்குள் நீலம் ஊதாவாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் நல்ல மஞ்சளில் போய் நின்றது.

"இதுதான் நீலமோ?" என்றார் பேராசிரியர்.

கிருஷாந்தி குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "உப்பு விழுந்திருக்குங்க மேடம். உப்பு பட்டா முக்கோணத்துட முனையெல்லாம் கரைஞ்சு உருண்டையாயிரும். நான் கீழ போறப்ப நீலமாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஆர் போட்டது?"

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். அவரது பெருந்தன்மையை அப்போதுதான் முழுமையாகக் கண்டேன்.

"குற்றமாச் சொல்லேல்லை, பேராசிரியர். பிள்ளை காலமை லயத்தில சோறு கறி ஆக்கிப்போட்டு அந்தக் கையோடயே வந்திருக்கும். பின்னணி அப்படி. நாங்கள் எவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாலும் சிலது போகாது."

கிருஷாந்தி அவரைப் பார்க்கவில்லை. ஆரூரனைப் பார்த்தார்.

"நீங்க இங்கயேதான நின்னீங்க? சொல்லுங்க."

ஆரூரன் அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினார். ஆரூரன் அப்பாவைப் பார்த்தார். பிறகு மேசையின் காலைப் பார்த்தார்.

"நான்... கவனிக்கேல்லை."

கிருஷாந்தி கையுறைகளைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக மேசையில் வைத்தார்.

"சரிங்க. கோயில் கதிரைய இப்பவே திருப்பிக் குடுத்துருங்கன்னு அப்பாகிட்ட சொல்லிர்றேன்."

படிக்கட்டில் அவர் இறங்கிப் போகிற சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. யாரும் பின்னால் போகவில்லை. பணிப்பாளரின் முகத்தில், எதிர்பார்த்த விளைவு கிடைத்த ஓர் ஆராய்ச்சியாளரின் அமைதி தெரிந்தது.

பேராசிரியர் நிரூபா கண்ணாடியைக் கழற்றினார். "நான் நேராவே கேக்கிறன். இத்தனை வருசத்தில இந்த நிலையம் ஒரு பொருளின்ர வடிவத்தையாவது கட்டுப்படுத்தியிருக்கோ?"

நிலையத்தின் மானம் என் கையில் இருந்தது. எழுந்து நின்றேன்.

"கட்டுப்படுத்தியிருக்குங்க மேடம். சேர் தன் கையாலயே செஞ்ச ஒரு மாதிரி இருக்கு. முப்பது வருசமா எந்தப் பக்கம் வளரணும், எந்தப் பக்கம் வளரக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சது. போன மாசம் நல்லாக் கூராத்தான் தெரிஞ்சுச்சு. இன்னைக்கு அதுலயும் உப்பு பட்டுருச்சு. மிச்ச உப்பு அம்மாட கைப்பையில இருக்குங்க."

"மாதிரி எங்க?"

"இந்தா, மேசைக் காலப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க."