மாசா மாசம் வெட்டச் சொன்னேன்

வாயைத் திறக்காத வரைக்கும் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. வந்த கெடுதல் எல்லாம் வாயைத் திறந்த பிறகு வந்ததுதான்.

நான் படித்தது ஆறாவது வரைக்கும். மலேசியாவில், மலாக்கா பக்கத்துப் புக்கிட் ரம்பாயில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. ஹாரன் இருக்கிறது.

என் மனைவி சாந்தி ஏழு மாசமாக இருந்தாள். அப்போது அவள் அக்கா மாலாவுக்கு ஆண் குழந்தை பிறந்து முப்பதாம் நாள் சாமி கும்பிட்டார்கள். போனோம். மாலாவின் புருஷன் குமரேசன் எனக்குச் சகலை. ஏர்கான் போட்ட ஆபீஸில் வேலை. கழுத்தில் கார்டு மாட்டியிருப்பான். (வீட்டிலும் மாட்டியிருப்பான்.)

சாப்பாடு பரிமாறியபோது ஆரம்பித்தான்.

“பிரைவேட்னா பிரைவேட்தான்லா. பட்டன அமுக்குனா கட்டிலு தானா தூக்குது. சாப்பாட்டுக்கு மெனு குடுக்கிறான். வீட்டுக்குப் போறப்ப பை நெறைய சாமான் வேற.”

நான் ரசத்தைப் பார்த்தேன்.

“ஒங்களுக்கு எங்க? ஜி.எச்.தானா?”

ஜி.எச். என்றால் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரி. அரசாங்கத்துடையது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அப்பளத்தைக் கடித்திருக்கலாம். நான் ஒரே ஒரு சொல் சொன்னேன்.

“பிரைவேட்.”

என் ஆயுசிலேயே விலை அதிகமான சொல் அதுதான்.

சாந்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். குமரேசன், “அப்பிடிப் போடு சகலை!” என்று என் முதுகில் தட்டினான். கையிலிருந்த அப்பளம் ரசத்தில் விழுந்தது.

குருபோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் சாந்தி கேட்டாள்.

“காசு எங்கேருந்து வரும்?”

“வரும்.”

“நம்ம கிளினிக்கு நர்ஸ் மிஸ்ஸிக்கு என்னைத் தெரியும். என் பிரஷர் தெரியும். போன தடவை நடந்ததும் தெரியும். நான் ஜி.எச்.லயே பெத்துக்கிறேன்லா.”

போன தடவை நடந்தது என்றால், முந்தின வருஷம் ஒன்று தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அன்றைக்கு ஜி.எச். பெஞ்சியில் காத்திருந்தோம். கூப்பிட நேரமாயிற்று. சீக்கிரம் கூப்பிட்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். என் மண்டையில் ஏறவில்லை. காசு கொடுத்திருந்தால் தங்கியிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். அதை அவளிடம் சொல்லவில்லை. சகலைக்காகத்தான் அந்தச் சொல் வாயில் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதி சரி.

கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த கணக்கு. ஜி.எச். என்றால் கம்பெனிக் கேன்டீனில் கொஞ்ச நாள் டீ குடிக்கிற காசு. பிரைவேட்டில் சாதாரண பிரசவம் என்றால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஆபரேஷன் என்றால் ஒரு பழைய கார். என்னிடம் இருந்த சேமிப்புக்கு மோட்டார் சைக்கிளின் முன் பாதிதான் வரும்.

மீதிக்கு வழி கண்டுபிடித்தேன். பொத்தோங்.

பொத்தோங் என்றால் மலாயில் வெட்டுவது. முடி வெட்டினாலும் பொத்தோங். சம்பளத்தில் பிடித்தாலும் பொத்தோங். எங்கள் ஃபேக்டரியில் எல்லாமே பொத்தோங்தான். லோன் வாங்கினால் பொத்தோங், லேட்டாக வந்தால் பொத்தோங், யூனிஃபார்ம் தொலைந்தால் பொத்தோங். பிரசவத்தையும் அப்படியே மாசா மாசம் பொத்தோங் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். குமரேசன் தன் காரில் கூட்டிக்கொண்டு போனான். (நான் கேட்கவில்லை. பார்க்க வந்தான்.) நான் தீபாவளிச் சட்டை போட்டிருந்தேன். சப்பாத்து வேறு. கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் போடுகிறேன்.

அது ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. மருந்து வாசனை இல்லை. காப்பி வாசனை. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் கிளினிக்கில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நானும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன். இடது கட்டை விரல் வெளியே எட்டிப் பார்த்தது. வாசலில் நின்ற காவல்காரர் என்னையும் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண். சிரித்த முகம். சாந்தியும் குமரேசனும் பின்னால் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

“போலே பொத்தோங்?”

வெட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அவள் எட்டி சாந்தியின் வயிற்றைப் பார்த்தாள்.

“போலே” என்றாள். முடியும். ஆனால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பரவாயில்லையே என்று நினைத்தேன். பெரிய இடம். சம்பளம் பிடிப்பதைக்கூட டாக்டரே கவனிக்கிறார்.

“எப்போது வெட்ட வேண்டும்?” என்று மலாயில் கேட்டாள்.

“தியாப்-தியாப் பூலான்.”

மாசா மாசம் என்று அர்த்தம். அவள் கையிலிருந்த பேனா நின்றது.

“மாசா மாசமா?”

“ஆமாம். சிக்கிட்-சிக்கிட்.” கொஞ்சம் கொஞ்சமாக.

பேனா கீழே விழுந்தது.

“எத்தனை மாசத்துக்கு?”

“மூணு வருஷம்.”

“உங்க மனைவிக்குத் தெரியுமா?”

“தெரியும். வலிக்காத மாதிரி வெட்டினா போதும்.”

(சம்பளம் தாங்குகிற அளவுக்கு வெட்டினால் போதும் என்றுதான் சொல்ல வந்தேன். என் மலாய் அப்படி.)

அவள் போனை எடுத்தாள். தாழ்ந்த குரலில் என்னவோ பேசினாள். பேசும்போது என்மேல் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டு நர்ஸுகள் ஒரு தள்ளுவண்டி நாற்காலியோடு ஓடி வந்தார்கள். சாந்தியைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள்.

குமரேசன் எழுந்தே விட்டான். “என்னலா சகலை! மாலாவுக்குக்கூட வண்டி வரல. அப்பிடி என்ன சொன்ன?”

“பேசிட்டேன்” என்றேன்.

“என்னங்க, எனக்கு வலி ஒண்ணும் இல்லயே” என்றாள் சாந்தி.

“சும்மா உக்காரு. மரியாதை.”

ஒரு நர்ஸ் எனக்கும் சாந்திக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். அந்த ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையில் நான் பெரிய மனுஷனாக இருந்த நேரம்.

டாக்டரம்மா வேகமாக வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

“ஆர் இந்தப் பிள்ளையின்ர புருஷன்?”

“நான்தாங்க.”

என் காலுறையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். “நீங்களோ மாசாமாசம் வெட்ட வேணும் எண்டு சொன்னனீங்கள்?”

“ஆமாங்க டாக்டர். மூணு வருஷம்.”

“என்னத்தை ஐயா வெட்டுறது?”

“சம்பளத்தங்க.”

காப்பி மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். மலாய்ப் பெண்ணிடம் என்னவோ சொன்னார். அவள் மேசைக்குக் கீழே போய்விட்டாள். பேனாவை எடுக்கப் போனதாக அப்புறம் சொன்னாள். எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

“இது வெட்டுற ஆஸ்பத்திரிதான் தம்பி” என்றார் டாக்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனால் நாங்கள் வெட்டுறது வயித்தை. இந்தக் கவுண்டர்ப் பிள்ளை பயத்திலை உங்களை வெளியிலை அனுப்பச் சொல்லிப் போட்டுது.”

குமரேசன் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான். கழுத்துக் கார்டு அவன் முகத்தில் அடித்தது. நான் தரையைப் பார்த்தேன். தரையிலும் என் முகம்தான் தெரிந்தது.

சாந்தி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“டாக்டர், போன வருஷம் எனக்கு ஒண்ணு தங்கல. இந்தப் புள்ள பொறந்ததும் ஏதாச்சும் ஆச்சுன்னா இங்க என்ன செய்வீங்க?”

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சின்னப் பிரச்சினை எண்டால் நாங்களே பாப்பம். பெரிசு எண்டால் ஆம்புலன்ஸிலை ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவம். குழந்தையளுக்கான பெரிய வார்டு எங்களிட்டை இல்லை அம்மா.”

“அப்ப நான் நேரா அங்கயே போறேன் டாக்டர். ஆம்புலன்ஸு மிச்சம்.”

“கெட்டிக்காரி” என்றார் டாக்டரம்மா. என்னைப் பார்த்து, “இவ சொல்லுறதைக் கேளுங்கோ. நீங்கள் இனி வாய் திறக்காதேங்கோ” என்றார்.

நான் திறக்கவில்லை. வெளியே வந்தோம். காவல்காரர் என் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பத்திரமாக வைத்திருந்தாராம். சாந்தியை விட்டால் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

காரில் சாந்தி மெதுவாகக் கேட்டாள். “எதுக்குங்க இவ்ளோ ஆசப்பட்டீங்க? இவருக்காகவா?”

முன்சீட்டில் குமரேசன் இருந்தான். பரவாயில்லை என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

“காசு குடுத்தா தங்கும்னு நெனச்சேன்.”

அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். குமரேசன் ரேடியோவை நிறுத்தினான். வீடு வரைக்கும் அவனும் பேசவில்லை. அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன்.

வலி வந்தது ஒரு காலை நேரம். நான் ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்தேன். தூக்கிய சாமானை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். (சூப்பர்வைசர் இன்றும் பாராட்டுவார்.) கூட வேலை செய்கிறவர் காரை இரவல் வாங்கி, சாந்தியைக் கூட்டிவந்து ஜி.எச். வாசலில் இறக்கினேன்; வண்டி நிறுத்த இடமில்லை. சுற்றினேன், சுற்றினேன். காப்பி வாசனை இல்லை. கட்டில் தானாகத் தூக்காது. காற்றாடி சுற்றியது, அதுவும் மனசு வந்தால். வார்டில் ஒரு மலாய் அக்கா சாந்தியின் இடுப்பைப் பிடித்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் சீனப் பெண் ஒருத்தி பிஸ்கட் கொடுத்தாள். பிறகு பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

குழந்தை பிறந்தது. அழவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கதவு திறந்தது. ஒரு நர்ஸ் துணிச் சுருளோடு ஓடினார். பின்னால் இரண்டு டாக்டர்கள். அதிக தூரம் ஓடவில்லை. ஓட வேண்டிய தூரமே இல்லை. எதிர்க் கதவுதான் குழந்தைகள் வார்டு. அவ்வளவுதான்.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சத்தம் கேட்டது. எங்கள் ஃபேக்டரி சங்கு தோற்றுப்போகும். நான் உட்கார்ந்தேன். கீழே நாற்காலி இல்லை.

அந்த மாலை சாந்தி கண் திறந்ததும் முதலில் கேட்டது, “எங்க கொண்டுபோனாங்க?”

“எதிர் ரூமு” என்றேன்.

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெயித்தவள் சிரிப்பு.

பெண் குழந்தை. தர்ஷினி. சில நாள் அந்த எதிர் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். வயிற்றிலும் வெட்டில்லை, சம்பளத்திலும் வெட்டில்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று பணம் கட்டப் போனேன். குமரேசனும் கூட வந்தான். சேமிப்பு முழுவதையும் பையில் வைத்திருந்தேன். தொகையைச் சொன்னார்கள். நான் திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார்கள். ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினேன். கவுண்டர்க்காரர் பெருமூச்சு விட்டார்.

“சில்லறை இல்லையா, அண்ணே?”

என் ஆயுசில் காதுக்கு இனிமையான கேள்வி அது. சகலை பக்கம் திரும்பினேன்.

“சகலை, சில்லறை இருக்கா?”

அவன் பையைத் தடவினான். பேங்க் கார்டை எடுத்தான். பார்த்தான். திரும்ப உள்ளே வைத்தான். கேன்டீனில் இரண்டு பேரும் டீ குடித்து நோட்டை மாற்றினோம். அவனுக்கும் சேர்த்து நானே கொடுத்தேன்.

மாலாவின் இரண்டாவது குழந்தை ஜி.எச்.சில்தான் பிறந்தது. குமரேசன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆனால் சொந்தக்காரர்கள் என்னை விடவில்லை. நான் டிவி வாங்கினாலும் மிக்சி வாங்கினாலும் ஒரே கேள்விதான். “மாசா மாசமா? கொஞ்சம் கொஞ்சமாவா?” கேட்டு முடிப்பதற்குள் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

தர்ஷினி இப்போது தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. கதை அவளுக்கும் தெரியும். போன வாரம் முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கார மலாய் அக்கா கத்தரியோடு குனிந்து கேட்டார்.

“மாவ் பொத்தோங்?” வெட்டணுமா?

தர்ஷினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா மாதிரியே. பிறகு அவளே சொன்னாள்.

“தியாப்-தியாப் பூலான். சிக்கிட்-சிக்கிட்.”

“போலே” என்றார் அக்கா, சாதாரணமாக. போனை எடுக்கவில்லை. தள்ளுவண்டியும் வரவில்லை.

அந்த வாக்கியத்தில் தப்பே இல்லை. நான்தான் கடை மாறிப் போயிருக்கிறேன்.