நாற்பது இடம், ஒன்பது ஷாமினி

கொழும்பில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் தப்பித்தவறியும் உதவி கேட்டுவிடாதீர்கள். செய்துவிடுவார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது இருபது வயதில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, என்னைவிடக் கெட்டிக்காரி இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில். எங்கள் பீடத்தில் வகுப்புகள் தொடங்குமுன் புதிய மாணவர்களுக்கு ஏரிக்கரையில் மூன்று நாள் முகாம் நடக்கும். முதல் வருடச் செய்முறைக் குழுக்களை அங்கேயே பிரித்துவிடுவார்கள். பெண்களுக்கு நாற்பது இடம். முந்துகிறவர்களுக்கே இடம்.

என் பாடசாலையிலிருந்து அந்தப் பீடத்துக்குப் போனது நான் ஒருத்திதான். படித்தது தமிழில், இனி விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். முகாமுக்குப் போகாவிட்டால் முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் பேனை கடன் கேட்கக்கூட ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

முதலில் அம்மாவின் அனுமதி. அம்மா கொட்டாஞ்சேனையில் மொண்டிசோரி ஆசிரியை. ஐம்பது குழந்தைகளை ஒரு பார்வையில் உட்காரவைப்பவர்.

"மூண்டு நாள் வெளியிலை தங்கிறதோ? ராகிங் பண்ணுவாங்கள். ஒருத்தரையும் தெரியாது. போகத் தேவையில்லை."

நான் உண்ணாவிரதம் இருந்தேன். (பகலில் மட்டும். பின்னேரம் சந்திக் கடையில் சீனி தூவிய கிம்புலா பணிஸ் இரண்டு.) ஐந்தாம் நாள் அம்மா இறங்கி வந்தார். "சரி, இடம் கிடைச்சால் போ." எனக்கு இடம் கிடைக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கை வீண்போகவில்லை. முதல் நாள் திறந்த இணையப் படிவம் அடையாள அட்டை இலக்கம் கேட்டது, புகைப்படம் கேட்டது, கிராம சேவகர் கடிதம் கேட்டது. புகைப்படம் பெரிது என்றது. சுருக்கினேன். சிறிது என்றது. விரித்தேன். அதற்குள் பக்கம் உறைந்துபோனது. எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். முறைப்பாடு குவிந்ததும், முகாமை நடத்திய மூத்த மாணவர்களின் குழு அந்தச் சுற்றையே ரத்துச் செய்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய படிவம், அடையாள அட்டை இலக்கம்கூட வேண்டாம், பெயரும் மின்னஞ்சலும் சில விவரங்களும் போதும் என்று அறிவித்தது.

அப்போதுதான் எனக்குள் இருந்த படைத்தளபதி விழித்துக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாழ்ப்பாண ரயிலில் திருவிழா நேரத்துக்கு ஆசனம் பதிய வேண்டுமா, யாருக்காவது விசா அலுவலகத்தில் நாள் எடுக்க வேண்டுமா, எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபோனோடு உட்கார்ந்து ஒருவருக்காகவே அடிப்பார்கள். ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கட்டளை பிறப்பித்தேன்: சனி பத்து மணி, பெயர் ஷாமினி அன்ரனி, பீடம் இது, உங்கள் உங்கள் மின்னஞ்சலைப் பாவியுங்கள், கிடைத்தவர் உடனே 'கிடைச்சுது' என்று போடுங்கள், மற்றவர்கள் நிறுத்துங்கள்.

அருமையான திட்டம். ஒரே ஒரு ஓட்டை. படிவத்தை அனுப்பியதும் இடம் கிடைத்ததா இல்லையா என்று அது சொல்லவில்லை. 'பின்னேரம் அறிவிக்கப்படும்' என்று மட்டும் சொன்னது. ஆகவே ஒருவரும் நிறுத்தவில்லை.

பின்னேரம் நாலரைக்கு என் ஃபோனுக்கு உறுதிக் கடிதம் வந்தது. துள்ளி எழும்பினேன். எழும்பிய கால் தரையில் படுவதற்குள் குழுவில் அப்பா: 'கிடைச்சுது.' ஹெந்தளையிலிருந்து அப்பாவின் தங்கை ரீட்டா அன்ரி: 'கிடைச்சுது, கர்த்தருக்குத் தோத்திரம்.' மாளிகாவத்தையிலிருந்து அப்பாவின் கூட்டாளி நசீர் நானா: 'கெடச்சிரிச்சி மகள்.' வெள்ளவத்தையில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் அம்மாவின் தம்பி மோகன் மாமா: 'கிடைச்சுது.' பிறகு மறுபடி மாமா. பிறகு மறுபடி. பிறகு மறுபடி. கடையில் நாலு கம்ப்யூட்டர். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களையும் பிடித்து இருத்தியிருக்கிறார்.

அடுப்படியில் 'டிங்' என்று ஒரு சத்தம். அம்மா ஃபோனைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தார்.

"நீங்களுமா அம்மா?"

"எல்லாரும் அடிக்கேக்கை நான் சும்மா இருக்கேலுமே?"

கூட்டிப் பார்த்தால் ஒன்பது. மேலதிக எட்டும் தானாகவே உதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, தளபதி நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் இணையப் பக்கத்தில் பட்டியல் வந்தது. மூன்றாவது பெயர் ஷாமினி அன்ரனி. நாலாவது ஷாமினி அன்ரனி. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, அடுக்காக ஷாமினி அன்ரனி. (மாமாவின் கடை.) பதினாறு வரை இன்னும் மூன்று. கீழே கருத்துகள் வெடித்துக்கொண்டிருந்தன. ஒருவர் கேட்டிருந்தார்: 'இது ஆளா, ஊரா?'

பத்து நிமிடத்தில் குழுச் செயலாளர் கசுன் அழைத்தார். மூன்றாம் வருடம். சிங்களத்தில், தங்கச்சி என்பதற்கு 'நங்கி' போட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்.

"நங்கி, நீங்க ஒன்பது பேரா?"

"இல்லை அய்யே. ஒருத்திதான்," என்றேன், நானும் அண்ணன் முறை வைத்து.

"அப்படியென்றால் நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ஒருத்தி பீடத்துக்கு வாங்க. ஒன்பதையும் வெட்டப்போறோம்."

ஒன்பதையும்! ஒரு இடத்துக்காக ஒரு குடும்பத்தையே களத்தில் இறக்கியவளுக்கு, ஒரு இடமும் இல்லை.

திங்கட்கிழமை ஒருத்தியாகத்தான் போக நினைத்தேன். அம்மா கூட வந்தார். வாசலில் ஒரு ஆட்டோ நிற்க, கடையைப் பூட்டிவிட்டு மோகன் மாமாவும் இறங்கினார். "நான்தானே நாலு அடிச்சனான். நான் வந்து சொல்லுறன்" என்றார். நான் நிலம் பிளக்காதா என்று பார்த்தேன். நல்ல கொங்கிறீட். பிளக்கவில்லை.

குழுவின் அறையில் கசுன் மேசைக்குப் பின்னால் இருந்தார். சுவரோரமாக எட்டுப் பெண்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள், சரியாக எட்டுப் பேர். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் என் தலைமுடி கருகியிருக்க வேண்டும். முன்னால் நின்றவள் உயரம், தோள் அகலம்.

"நீதானே ஷாமினி? நான் தர்ஷி. இரத்மலானையிலை இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தனான். எட்டுப் பேரின்ர இடத்தை முழுங்கிப்போட்டு எப்பிடியடி செமிச்சது?"

"தங்கச்சி, அது சிஸ்டத்திலை ஒரு சின்னப் பிழை..." என்று மாமா தொடங்கினார்.

"நீங்கள் ஆர் அங்கிள்?"

"நான்தான் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து."

கசுன் படிவங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒருவேளை ஒன்பது பேரும் வேறு வேறு ஆட்களோ என்று அவருக்குக் கடைசிச் சந்தேகம். இருக்காதா? ஒரு ஷாமினிக்கு ஹலால் சாப்பாடு. (நசீர் நானா, பழக்க தோஷம்.) ஒரு ஷாமினி தேவாலயத்தில் தனிப்பாட்டுப் பாடுகிறவள். (ரீட்டா அன்ரி, தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறார்.) ஒரு ஷாமினி கராத்தேயில் கறுப்புப் பட்டி. (மாமாவின் கடைக்கு வந்த யாரோ பெடியன்.) ஒரு ஷாமினிக்குப் பனி ஒத்துக்கொள்ளாது, ஐஸ் ஒத்துக்கொள்ளாது, எக்காரணம் கொண்டும் தண்ணீருக்குக் கிட்ட விட வேண்டாம். அம்மா கூரையைப் பார்த்தார். இன்னொன்றில் சிறப்புக் குறிப்பு: 'கவனமாகக் கையாளவும். கவிழ்த்து வைக்க வேண்டாம்.' அப்பா துறைமுகத்தில் சரக்குப் பத்திரம் எழுதும் கிளார்க்.

சுவரோரத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"வெட்டினால் அந்த எட்டுப் பேருக்கும் கிடைக்கும்தானே?" என்று நான் கேட்டேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கசுன் தலையைச் சொறிந்தார். அங்கேதான் சிக்கல். பட்டியலில் பீடாதிபதி கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, முகாமுக்கும் அனுப்பியாகிவிட்டது. பீடாதிபதி வெளிநாடு போய்விட்டார். பெயரை வெட்டலாம், புதுப் பெயர் சேர்க்க அவர் வர வேண்டும். அவர் வரும்போது முகாம் முடிந்திருக்கும். ஒன்பது கட்டில் வெறுமையாகக் கிடக்கும்.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

என் சிங்களம் கடைச் சிங்களம். கொட்டாஞ்சேனைச் சந்தையில் வெங்காயத்துக்கு விலை பேசுகிற சிங்களம். அதற்குமேல் அதை நான் பாவித்ததில்லை. ஆனால் கசுனின் தலைக்கு மேலே சுவரில் முகாம் விதிகள் தமிழிலும் ஒட்டியிருந்தன. வாழ்க்கையில் ஒரு விதியையும் முழுதாக வாசித்தறியாத நான், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதை வாசித்தேன். ஆறாவது விதி: வர முடியாத மாணவி, பெற்றோரின் கடிதம் கொடுத்துத் தன் இடத்தை இன்னொரு புதிய மாணவிக்குக் கையளிக்கலாம்.

"அய்யே," என்றேன் அந்தக் கடைச் சிங்களத்திலேயே, "வெட்டினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஒன்பது காலிக் கட்டில். பீடாதிபதி வந்து ஏன் என்று கேட்பார். அடையாள அட்டை கேட்காத படிவம் யார் போட்டது என்றும் கேட்பார்."

கசுன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆறாவது விதியைப் பாருங்க. எட்டு ஷாமினி வர முடியாது. அம்மா இங்கேயே நிற்கிறா. எட்டுக் கடிதம் இப்பவே தருவோம். பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாது."

அவர் விதியைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எட்டுச் சரி. ஒன்பதாவது?"

"ஒன்பதாவது..." என்று தொடங்கி, சுவரோரம் நின்ற எட்டுப் பேரையும் பார்த்தேன். பிறகு சொன்னேன். "அது நீங்க சொல்லுறபடி. பிழை என்னுடையது."

யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து குரல் வந்தது.

"அவளையும் ஏத்துங்கோ அண்ணா," என்றாள் தர்ஷி. "மூண்டு நாளும் இவளின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்கள், நான் திரும்பிப் பார்க்க வேணும். இவள் மட்டும் வீட்டிலை இருந்து பணிஸ் சாப்பிடுறதோ?" பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள், இன்னும் காரமாக.

கசுன் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், வென்றோம்.

அம்மா தன் முத்துமுத்தான கையெழுத்தில் எட்டுக் கடிதம் எழுதினார். எழுதி முடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி சேர்த்தார்: 'இவர் என் மகளின் பக்கத்துக் கட்டிலில் தங்க வேண்டும்.' எட்டுக் கடிதத்திலும்.

"அம்மா, ஒரு கட்டிலுக்கு ரெண்டு பக்கம்தான் இருக்கு."

"அது அவையள் பார்த்துக்கொள்ளுவினம்," என்றார் அம்மா. "இப்ப போ. எட்டுப் பேரைத் தெரியும்தானே."

படிவங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தோம். தர்ஷிக்கு அம்மாவின் ஷாமினி விழுந்தது. அவள் பாடசாலை நீச்சல் அணித் தலைவி. முதல் இரண்டு நாளும் பாதுகாவலர் அவளை ஏரிக்குப் பத்தடி தள்ளியே நிறுத்தினார். அம்மாவை ஃபோனில் பிடித்து, "பிள்ளை இறங்கலாம்" என்று சொல்ல வைத்த பிறகுதான் விட்டார். கறுப்புப் பட்டி எனக்கு விழுந்தது. தொடக்க விழாவில் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். கொத்துரொட்டி போடுகிற கையசைவையும் குடை மடக்குகிற கையசைவையும் கலந்து அடித்தேன். கடைசி உதையில் செருப்பு பறந்து போய்க் கசுனின் மடியில் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

ஒவ்வொரு காலையும் வருகை இடாப்புக் கூப்பிடும்போது "ஷாமினி அன்ரனி" என்றதும் ஒன்பது குரல். மூன்றாம் நாள் குழுப் பிரிக்க வந்த விரிவுரையாளர் இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே குழுவாக இருக்கட்டும்" என்று எழுதிவிட்டார். முதல் வருடச் செய்முறையில் முதலிடம் அந்தக் குழுவுக்குத்தான். பேனை கடன் கேட்க எனக்கு எட்டு மேசை இருந்தது.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. பட்டியலில் எந்த இலக்கமோ, அந்த இலக்கம்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவர்களுக்குப் பெயர். ஏழுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. மாமாதான் முன்னுக்கு நின்றார், தன் பிள்ளையாம். நாலுக்குப் போன மாதம் பெண் குழந்தை. தர்ஷி பதினாறு. அவள்தான் அம்மாவோடு அதிகம் கதைப்பாள், என்னைவிடக் கூட.

போன கிழமை என் ஃபோன் பழுதாகி, வேலைத்தலத்து இலக்கத்திலிருந்து வீட்டுக்கு அழைத்தேன்.

"அம்மா, நான் ஷாமினி."

"சொல்லு பிள்ளை. எத்தனையாவது?"

"ஒன்பதாவது அம்மா. நீங்கள் பெத்தது."

"ஓ, நீயே," என்றார் அம்மா. "வை ஃபோனை. பதினாறு லைனிலை நிக்குது."